இருபத்து மூன்றாம் பக்கத்து லஸ்கர்

ஜூலை 3, வெள்ளி

நான் எழுதும் புதுக் கதையின் மூன்றாம் அத்தியாயம் சிரிக்கவே மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து ஓர் எருமையை மினி பஸ்ஸில் ஏற்றிப் பார்க்கிறேன். எருமை ஏறுகிறது, கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார், நிலோஃபர் கொட்டாவி விடுகிறாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டியதுதான்.

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு சட்டம் போடுவதற்கு ஷோபனா வேறு. என் பதிப்பாசிரியர். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கான புத்தகம், அதனால் நீள வாக்கியம் கூடாது, பக்கத்துக்கு ஒரு படம், அத்தியாயத்துக்கு இரண்டு சிரிப்பாவது வேண்டும். எழுதுவதும் நான், வரைவதும் நான், திட்டு வாங்குவதும் நான் ஒருத்தியே.

மதியம் பூவம்மாள் அக்கா வந்தார். நடவுக்கு ஆள் கூட்டி வருபவர், வயது ஐம்பத்தாறு. அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்துக் கற்றவர், அதற்குப் பிறகு பஸ் போர்டைத் தவிர எதையும் படித்ததில்லை. மாசியில் என் முதல் புத்தகம் ‘லொடலொட லஸ்கர்’ வந்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தேன். அக்கா தானும் ஒன்று கேட்டு வாங்கிப் போனார். பெரிய எழுத்து, கண்ணாடி வேண்டியதில்லை. இன்றோடு நாலாவது முறை முடித்தாராம். “எழுத்து முட்டுச்சுன்னா படத்தப் பாத்துக்குவேன் தங்கச்சி. படம் மனசுல அப்புடியே நிக்கிது” என்றார். விருது வாங்கியதுபோல் இருந்தது எனக்கு. பிள்ளைகளுக்கென்று எழுதியதைப் பெரியவர் ஒருவர் முழுசாகப் படித்து முடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

புத்தகத்தில் ஒரு லஸ்கர். வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் பாசன ஊழியரை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். என் லஸ்கர் லொடலொட சைக்கிளில் வருவார், ஆற்றுக்குப் பூட்டுப் போடுவார், சாவியைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவார். அவர் விடும் குறட்டையில் தண்ணீர் பின்னால் போகும். குர்ர்ர்.

சாயங்காலம் எங்கள் ஊர் லஸ்கர் தியாகேசன் அண்ணன் சைக்கிளில் போனார். பின்னாலேயே நாலைந்து பிள்ளைகள் குர்ர்ர் என்று ஓடின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள்தானே.

ஜூலை 7, செவ்வாய்

எருமையை பஸ்ஸிலிருந்து இறக்கி, கண்டக்டரை அதன் பின்னால் ஓடவிட்டேன். நிலோஃபர் முகத்தில் நிம்மதி.

ஜூலை 18, சனி

இன்று நண்பகலுக்கு எங்கள் வாய்க்காலுக்கு முறை. ஆற்றில் தண்ணீர் குறைவு என்பதால் இந்த வருடம் முறை வைத்துத்தான் விடுகிறார்கள்: ஐந்து நாள் மேல்வாய்க்காலுக்கு, ஐந்து நாள் எங்களுக்கு. பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் தூக்கினால் இரண்டு மணிக்குள் எங்கள் வயல் தலைப்பில் தண்ணீர் நிற்க வேண்டும்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்தபோது இவர், என் வீட்டுக்காரர், மண்வெட்டியோடு போனார். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்தார், மண்வெட்டியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. சவூதியில் பதினோரு வருடம் வெயிலில் நின்ற மனிதர், அங்கேயிருந்து வந்து நம்பிக்கையோடு மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர். நட்டுப் பன்னிரண்டு நாள் பயிர். “வெடிப்புல வெரல் போவுது” என்றார்.

தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தியாகேசன் அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஜூலை 20, திங்கள்

காலையில்தான் தண்ணீர் வந்தது. ஒன்றரை நாளுக்கு மேல் தாமதம். மேட்டுப் பக்கம் ஓர் ஏக்கர் போய்விட்டது, மற்றது பிழைக்கலாம் என்கிறார் இவர். கடைமடையில் இருப்பவர்களுக்கு இதைவிட மோசம்.

பால் சொசைட்டி வாசலில் கூட்டம். விவசாயிகள் சங்கத்துப் பரணிதரன்தான் பேசினாராம். லஸ்கர் மேல் மனு கொடுப்பது என்று முடிவு. வேலையை விட்டு எடுக்க வேண்டும். தியாகேசன் அண்ணன் இருபது வருடமாகத் தற்காலிகம். இந்த ஆவணியில் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அவர் மனைவி போன மாதம் சர்க்கரை கொடுத்தார்கள். அவர் மேல் ஒரு புகார் இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பரணிதரனுக்கும் அது தெரியும், தெரிந்துதான் செய்கிறார்.

இவர் மனுவுக்கான வரைவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “ஒன் கையெழுத்து அழகா இருக்கும்னு பரணி சொன்னாப்ல. நல்ல பேப்பர்ல எழுதிக் குடு.”

எழுதினேன். உயர்திரு, ஐயா, பணிவான வணக்கம், மேற்படி லஸ்கர். எழுதிக்கொண்டே போனேன். நாலாவது வரி:

‘முறை நாளன்று பகலில் மேற்படி லஸ்கர் ஷட்டர் மேடையில் சாவியைத் தலைக்கு வைத்து, வாய் திறந்தபடி, ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு ஆற்றிலும் இருக்க உறங்கிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்த சாட்சி பூவம்மாள்.’

பேனா நின்றது. இந்த வரியை நான் முன்பே எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்றாம் பக்கம். சாவி தலைக்குக் கீழே. வாய் திறந்தே இருந்தது. ஒரு செருப்பு காலில். ஒரு செருப்பு ஆற்றில். குர்ர்ர்.

இவர் வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு நின்றார். பரணிதரன் காத்திருக்கிறாராம். நான் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஏன் கொடுத்தேன்? தெரிந்த பிறகும் எழுதினேனே. கடைசி வரியில் ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்’ என்பதில் சுழி கூட அழகாகப் போட்டேன்.

ஜூலை 21, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னது தப்பு.

“அது என் புத்தகத்துல இருக்குங்க. அப்படியே இருக்கு. செருப்பு மொதக்கொண்டு.”

“இருந்தா?”

“அக்கா பாக்கலை. படிச்சதைச் சொல்றாங்க.”

“நீயே அவரப் பாத்துதானே வரைஞ்ச? அவரு அப்புடித் தூங்குற ஆளுங்கிறதாலதானே வரைஞ்ச?”

“நான் ஒரு நாள் கூட அவர் தூங்கிப் பாத்ததில்லை.”

“அப்ப ஏன் வரைஞ்ச?” இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “எம்பயிரு காஞ்சது கதையா? சொல்லு. அதுவும் ஒன் புத்தகத்துலதான் நடந்துச்சா?”

ஏன் வரைந்தேன்? சிரிப்பு வரும் என்றுதான். மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் தினம் அவரைப் பார்க்கிறேன், தோள் சரிந்து போகிறார், சைக்கிள் சத்தம் போடுகிறது, துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். கை தானாக வரைந்தது. பேரை மட்டும் போடவில்லை, அதனால் அவர் இல்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஊரில் ஒரே ஒரு லஸ்கர்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

ஜூலை 22, புதன்

காலை ஆறரைக்கு ஜன்னலில் நின்று பார்த்தேன். தியாகேசன் அண்ணனுக்கு வெறுங்கால். எப்போதுமே வெறுங்கால்தான். ஷட்டர் மேடை பாசி பிடித்தது, செருப்புப் போட்டால் வழுக்கும்.

செருப்பு ஷோபனாவின் யோசனை. முதல் படத்தை அனுப்பியபோது, “வெறுங்காலோட இருந்தா பாவமா இருக்கு தஹ்மீனா, பிள்ளைங்க சிரிக்க மாட்டாங்க, ஏதாவது மாட்டி விடுங்க” என்றார். நீலச் செருப்பு மாட்டிவிட்டேன். இருபத்து மூன்றாம் பக்கத்தின் ஓரம் காலியாகக் கிடந்ததால் அதில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். சாவியும் அப்படித்தான். ஷட்டரைத் திருகும் நிஜச் சாவி நாலடி இரும்புக் கம்பி, யாராலும் தலைக்கு வைத்துப் படுக்க முடியாது. நான் வரைந்தது பீரோ சாவி மாதிரி, ஆனால் தலையணை அளவுக்கு.

ஊரில் யாராவது ஒருவர் அந்த மனுவை நிறுத்திப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் வயல் காய்ந்த கோபம். கையெழுத்துப் போட்டவர்கள் அறுபத்து இரண்டு பேர். இவரும் போட்டிருக்கிறார்.

ஜூலை 24, வெள்ளி

பூவம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தார். நயமாகக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், வாயைத் திறந்ததும் கொட்டிவிட்டேன்.

“அக்கா, லஸ்கர் அண்ணன் தூங்குனதை நீங்க நெசமாப் பாத்தீங்களா?”

“பின்ன? வெள்ளாட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். கரையில நின்னு பாத்தேன். சைக்கிளு நிக்கிது, மனுசன் மல்லாந்து கெடக்குறாரு.”

“செருப்பு?”

“ஒண்ணு கால்ல. ஒண்ணு தண்ணியில மெதக்குது.”

“அவரு செருப்பே போடறதில்லைக்கா.”

அக்கா கோடாலியை நிறுத்தினார். “அன்னிக்குப் போட்டுருந்தாரு.”

“அது புத்தகத்துல...”

“நான் பொய் சொல்றேங்கிறியா?” குரல் எழும்பவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எழுத்து தெரியாம இருந்த வரைக்கும் எஞ்சொல்ல ஒரு பய சந்தேகப்பட்டதில்ல. இப்ப நாலு எழுத்து படிச்சதும் கதைக்கும் கண்ணுல கண்டதுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதையாயிட்டனா?”

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிகிறது. பார்த்ததைத்தான் சொல்கிறார், அதை அவர் கண்ணுக்குள் போட்டுவைத்தது நான். இதை எப்படி அவரிடம் சொல்வது? சொன்னால் அவருக்குக் கேவலம், சொல்லாவிட்டால் அண்ணனுக்கு வேலை போகும்.

ஜூலை 26, ஞாயிறு

ஷோபனா போன் செய்தார். ‘லொடலொட லஸ்கர்’ மறுபதிப்பாம், மூவாயிரம் பிரதி. “உங்க ஊர்ல பெரியவங்க கூடப் படிக்கிறாங்களாமே” என்று சந்தோஷமாகக் கேட்டார். படிக்கிறார்கள் என்றேன். நன்றாகவே படிக்கிறார்கள்.

ஜூலை 28, செவ்வாய்

புத்தகத்தை எடுத்துக்கொண்டு தியாகேசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இதற்கு ஐந்து மாதம் முன்பே போயிருக்க வேண்டும்.

அவர் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டிருக்கிறார், பிள்ளைகள் கத்துவது காதில் விழுந்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். சைக்கிள் படத்தில் சிரித்தார். கொக்கு அவர் துண்டைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இருபத்து மூன்றில் நின்றுவிட்டார்.

“தோளு நம்ம தோளு” என்றார். “சாவி தூக்கித் தூக்கி எடது பக்கம் எறங்கிப்போச்சு. நல்லாப் பாத்துருக்கீங்க.”

“கேக்காம வரைஞ்சது தப்புண்ணே.”

அவர் நீலச் செருப்பின் மேல் விரலை வைத்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். பதினொன்றே முக்காலுக்கே ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். தண்ணீர் இறங்கவில்லை. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரை வந்து அடைத்திருந்தது. சைக்கிளை மேட்டில் விட்டுவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இழுத்துப் போட்டிருக்கிறார், ஒற்றை ஆளாக, ஒன்றரை நாள். போன் சட்டையோடு கரையில் கிடந்ததாம். பாலத்துக்கு அடியில் நின்றவரை மேலே போன ஒருவரும் பார்க்கவில்லை.

“ஆபீஸ்ல சொன்னேன். சாட்சி யாருன்னு கேட்டாங்க. தாமரையத்தான் கூப்புடணும்.”

“புத்தகத்தை நிறுத்திடச் சொல்லட்டுமாண்ணே?”

“நிறுத்துனீங்கன்னா நான் தூங்குனது நெசம்னு ஆயிடும்” என்றார். அட்டையை மூடி, “இருவது வருசத்துல மொற நாள்ல நான் ஒக்காந்தது கூட இல்லம்மா” என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். நிலோஃபர் காரணம் கேட்டாள், வெங்காயம் என்றேன். வெங்காயம் எங்கே என்று தேடினாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

நீடாமங்கலத்தில் பாசன அலுவலகத்தில் விசாரணை. போகக் கூடாது என்று இவர் சொல்லவில்லை. “ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது நீ அந்தப் பக்கம் போயி நிப்பியா?” என்று மட்டும் கேட்டார். நான் புர்காவை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பையில் போட்டு, எட்டேகால் பஸ்ஸில் ஏறிவிட்டேன். தாலுக்கா ஆபீசில் ஒரு சான்றிதழ் கேட்கவே பயப்படுகிறவள் நான்.

உதவிப் பொறியாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மனுவை எடுத்துப் பார்த்தார், நான் எழுதிக்கொண்டு போன மறுப்புக் கடிதத்தில் என் கையெழுத்தையும் பார்த்தார்.

“ஏம்மா, இந்த மனுவ எழுதுனது நீங்கதானா?”

“ஆமாம் சார்.”

“நீங்க எழுதுன மனுவுக்கு நீங்களே மறுப்பா?”

பரணிதரன், “சின்னப் புள்ளைங்க புத்தகத்தக் கொண்டாந்து வெசாரணையக் கெடுக்குறாங்க சார்” என்றார். இவர் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு.

“அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களாம்மா?” என்று பொறியாளர் கேட்டார்.

“இல்லை.”

“அப்ப அவங்க பாக்கலைன்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?”

நான் செய்யக் கூடாததைச் செய்தேன். சாட்சியாக வந்திருந்த அக்கா பக்கம் திரும்பி, “அக்கா, செருப்பு என்ன நெறம்?” என்று கேட்டேன். “நீலம்” என்றார் அக்கா, தயங்காமல். நான் இருபத்து மூன்றாம் பக்கத்தை விரித்து மேஜையில் வைத்தேன். நீலம். பொறியாளர் படத்தைப் பார்த்தார், தியாகேசன் அண்ணனின் காலைப் பார்த்தார். வெடிப்பு வெடிப்பாக, வெறுங்கால்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். “பொம்மைப் படத்தப் பாத்து சாட்சி சொல்லிருக்கு கெழவி” என்று ஒரு குரல். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான், அவர்களே சிரித்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “நான் பாத்தேன். நீலச் செருப்பு. பாத்ததுதான்” என்றார். இரண்டு தரம் சொன்னார்.

பொறியாளர் குறித்துக்கொண்டார். சாட்சி சொன்னவர் தானே மாற்றிச் சொல்லாதவரை மனு மேலே போய்த்தான் ஆகுமாம். வெள்ளிக்கிழமை பதினாலாம் தேதி அறிக்கை அனுப்ப வேண்டும்.

இரண்டு பேரையும் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அண்ணன் தப்பவில்லை. அக்காவைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டேன். சிரிக்க வைப்பதுதானே உன் தொழில், சிரிச்சாங்கள்ல, போதுமாடி?

ஆகஸ்ட் 5, புதன்

அக்கா நிலோஃபரிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டார். பேப்பர் அட்டை போட்டு, மூலை மடங்காமல்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஐந்து நாளாக இவர் என்னோடு நேராகப் பேசவில்லை. “உங்கம்மாட்ட டீ கேளு” என்று நிலோஃபர் வழியாகத்தான். அவளும் இதுதான் சாக்கென்று, நான் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்லி இரண்டு மிட்டாய் வாங்கிவிட்டாள்.

இன்று மதியம் கால் முழுக்கச் சேற்றோடு வந்தார். ரோட்டுப் பாலத்துக்குப் போயிருக்கிறார். “பாலத்துக்குக் கீழ, அந்தப் பக்கக் கரையில, ஆகாயத்தாமரை காஞ்சு கெடக்கு. ரெண்டு டிராக்டர் இருக்கும்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “அம்புட்டையும் ஒரு ஆளு கையால...” துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பரணிதரனிடம் போய்ச் சொன்னாராம். எப்போது இழுத்துப் போட்டது என்று தாமரை சொல்லுமா என்று கேட்டாராம் அவர். ஊருக்கு ஆள் வேண்டும், காய்ந்த வயலுக்கு ஒரு பெயர் வேண்டும். தாமரை மேல் மனு கொடுக்க முடியாது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இன்னும் மூன்று நாள். ஒரு வரி கூட எழுதவில்லை, ஒரு கோடு கூடப் போடவில்லை. ஷோபனா இரண்டு தரம் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

அக்கா வீட்டு வழியாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. தட்டி என்ன கேட்பேன்? இன்னொரு தரம் உங்களை முட்டாள் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்றா?

ஆகஸ்ட் 13, வியாழன்

எல்லாம் ஒரே நாளில். கையே ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

காலை ஏழரைக்கு அக்கா வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினார்.

“நேத்து மத்தியானம் அந்தக் கரைக்குப் போனேன். அன்னிக்கு நின்ன எடத்துலேயே நின்னேன். புங்கமரம் மறைக்கிது. ஷட்டர் மேட தெரியல தங்கச்சி. சைக்கிளு நிக்கிற மேடு மட்டுந்தான் தெரியிது.” கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “கண்ணத் தொறந்தா மரம். மூடுனா லஸ்கரு தூங்குறாரு. இப்பவும் தூங்குறாரு. என்ன பண்ணி வச்சிருக்கே நீ?”

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அதை அவர் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. நீடாமங்கலம் போக வேண்டும் என்றார். இவர் குளித்துவிட்டு வந்தவர், ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்தார். அக்காவை முன்னால் அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் போனேன்.

அலுவலகத்தில் எழுத்தர், “சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன், கைநாட்டு வச்சாப் போதும்” என்று மை டப்பாவைத் திறந்தார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன், பழக்கதோஷம்.

“வேணாம் சார்” என்றார் அக்கா. “வேற ஒருத்தரு எழுதுனதாலதான் இம்புட்டும்.”

எழுத்தருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் எழுதினார். இடையில் ஒரு தரம் எதையோ அடித்து, மறுபடி எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்து வந்திருந்த தியாகேசன் அண்ணன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. பொறியாளர் காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். பெரிய பெரிய எழுத்து, மொத்தமே நாலு வரி.

‘நான் பூவம்மா.
சைக்கிள பாத்தேன்.
ஆள பாக்கல.
ஆள படிச்சேன்.’

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர், “சார், இது ஃபைலுக்கு ஆகுமா? வேற எழுதி...” என்று இழுத்தார். “இதுவே இருக்கட்டும்” என்றார் பொறியாளர். இவர் மேஜைக்குப் போய், பாலத்துக்கடியில் பார்த்ததைத் தனியாக எழுதி, மனுவில் இருந்த தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக் கொடுத்தார். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனிதர்.

திரும்பும்போது அக்கா பைக்கில் ஏறவில்லை. என்னோடு பஸ்ஸிலும் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடை போர்டுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 27, வியாழன்

பட்டியல் வந்துவிட்டது. தியாகேசன் அண்ணன் பெயர் பதினேழாவதாக இருக்கிறது. அவர் மனைவி தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள், எங்கள் வீட்டுக்கு நிலோஃபரை வாசலுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் இப்போது எங்கள் தெரு வழியாக வருவதில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் சுற்றிப் போகிறார், அரை மைல் கூடுதல். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை.

மறுபதிப்புக்கு லஸ்கரை மறுபடி வரைகிறேன். இந்த முறை அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன் என்று ஷோபனாவிடம் சொல்லிவிட்டேன். தாமதமாகும் என்று கோபித்துக்கொண்டார். ஆகட்டும். படத்தை இவர் கையில் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் மேஜையில் இருந்தபோது நிழல் தட்டியது. பூவம்மாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே. எருமைக் கதையின் படங்கள் காய்வதற்காகப் பரப்பியிருந்தேன். கம்பி வழியாக அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முடிச்சிட்டியா?”

“இன்னும் ஒரு அத்தியாயம் இருக்குக்கா. படிக்கிறீங்களா?”

அக்கா உடனே கை நீட்டவில்லை.

“இதுல கண்டக்டரு யாரு?” என்று கேட்டார். “மொதல்ல அதச் சொல்லு. அப்பறம் குடு.”

நான் படத்தைப் பார்த்தேன். தொங்குமீசை, பையை வயிற்றுக்கு மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார். எங்கள் ஊர் எட்டேகால் பஸ் கண்டக்டரேதான்.